ரன்எக்ஸ் ஆர்எஸ்ஐ: ஜோபர்க் உயரத்துல என்.ஏ. டியூனிங்கா, டர்போவா?

கெம்ப்டன்_கார்த்தி

வணக்கம் மக்களே, இங்க ரொம்ப நாளா படிக்கிறவன், எழுதுறது இப்பதான். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வண்டி 2005 டொயோட்டா ரன்எக்ஸ் ஆர்எஸ்ஐ. 1.8 லிட்டர் 2-இசட்இசட் இஞ்சின், 6 கியர், கம்பெனி கணக்குல 141 கிலோவாட். தென்னாப்பிரிக்கா கடலோரத்துல, டர்பன்ல வேலை பார்த்தப்போ வாங்கினது, உம்லாங்கா பக்கம் காலைல எம்4 காலியா கிடக்கும்போது மிதிச்சா அப்படி ஒரு இழுப்பு. போன வருஷம் ஆபீஸ்ல என்னை ஜோபர்க் (ஜோஹானஸ்பர்க்) பக்கம், மேட்டுல இருக்கற கெம்ப்டன் பார்க்குக்குத் தூக்கிப் போட்டாங்க, வண்டியும் கூடவே வந்துச்சு, வந்ததுலேர்ந்து பாதி உசுரு போன மாதிரி இருக்கு. ஆர்24-ல ஏறும்போது ஒரு சாதா பொலோ டிஎஸ்ஐ கூட அலட்டிக்காம தாண்டிப் போகுது, மச்சான் பக்கத்துல உக்காந்து சிரிக்கிறான்.

ரெண்டு வொர்க்ஷாப்ல கேட்டேன். ஒருத்தர் முழுக்க என்.ஏ. (டர்போ இல்லாம இஞ்சின் தானா இழுக்கற காத்துல ஓடறது) ஆளு: 4-2-1 பிரான்ச் (எக்ஸாஸ்ட் குழாய் செட்), ஃப்ரீஃப்ளோ எக்ஸாஸ்ட், ஹெட் போர்ட்டிங், ஹெட்டை ஸ்கிம் பண்ணி (கொஞ்சம் சீவி) கம்ப்ரஷன் ஏத்துறது, வேற கேம் (வால்வைத் திறக்கற தண்டு), தனி ஈசியூ (இஞ்சின் கம்ப்யூட்டர்). இன்னொருத்தர் "அதெல்லாம் வீண் செலவு தம்பி, டி25 டர்போ ஒண்ணு, இன்டர்கூலர், 0.5 பார் பூஸ்ட், முடிஞ்சுது"ங்கிறார். காசு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் வருது, அதான் குழப்பமே.

தினமும் ஆபீஸ் போக வர இதே வண்டிதான், மாசத்துக்கு ஒரு தடவை டர்பன்ல மாமனார் வீடு, எப்பவாச்சும் ஸ்வார்ட்காப்ஸ்ல டிராக் டே. எது பண்ணலாம்? "வித்துட்டு வேற வாங்கு"ன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ்.

ஃபீனிக்ஸ்_மூட்லி

தம்பி, காசை எடுத்து எவன் கையிலயும் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. லிஃப்ட் வருதா?

நான் கேக்கறது என்னன்னா, இஞ்சின் நல்லா சூடான பிறகு ரெண்டாவது கியர்ல முழுசா மிதிச்சுப் பிடிச்சா சுமார் 6,200 ஆர்பிஎம்ல சத்தமே மாறணும், முதுகுல ஒரு தள்ளு வரணும், அங்கேர்ந்து 7,800 வரைக்கும் கத்திக்கிட்டே போகணும். இந்த இஞ்சின்ல ரெண்டு செட் கேம் இருக்கு, கீழ சாதுவான கேம், மேல பெரிய கேம், ஆயில் பிரஷர் ஒரு சின்ன பின்னைத் தள்ளினாத்தான் பெரிய கேமுக்கு மாறும். ராக்கர் ஷாஃப்ட்டைப் பிடிச்சிருக்கற லிஃப்ட் போல்ட் இன்டேக் பக்கம் ஒண்ணு, எக்ஸாஸ்ட் பக்கம் ஒண்ணு, அது தேஞ்சு பள்ளம் விழுந்துச்சுன்னா ஆயில் பிரஷர் அங்கயே ஒழுகிப் போயிடும், பின் நகராது, உன் ஆர்எஸ்ஐ வெறும் சாதா ரன்எக்ஸ் ஆயிடும், சாதாவை விடவும் மோசம். சில வண்டில போல்ட் நல்லா இருக்கும் ஆனா ஆயில் கண்ட்ரோல் வால்வோட சின்ன ஜல்லடை ஃபில்டர்ல கசடு அடைச்சிருக்கும். இன்னொண்ணு, கூலன்ட் 60 டிகிரி தாண்டலைன்னா ஈசியூவே லிஃப்ட்டை விடாது, ஹைவெல்டு (ஜோபர்க் மேட்டு நிலம்) குளிர்ல காலைல வீட்டை விட்டுக் கிளம்பின உடனே மிதிச்சுட்டு வரலையேன்னு அழக் கூடாது.

அந்தப் போல்ட் விலை நீ கேட்ட கொட்டேஷன்ல ஒரு மூலைக்குக் கூட வராது. டாப்பெட் கவரைக் கழட்டினா கண்ணுக்கு நேரே தெரியும்.

அது சரியா இருக்குன்னு வெச்சுக்கோ, என் ஓட்டு என்.ஏ.வுக்குத்தான். எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு டொயோட்டா கான்க்வெஸ்ட்ல 20 வால்வு 4ஏ-ஜிஇ போட்டு ஓட்டின தலைமுறை நாங்க. 1.6 லிட்டர்தான், சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில், ஜப்பான் கணக்குல 165 குதிரைசக்தி, காலை அசைச்ச அந்த நொடியே இஞ்சின் பதில் சொல்லும் பாரு, அதை எந்த டர்போவும் எனக்குக் குடுத்ததில்ல.

பிரிட்டோரியா_ரமணி

மூட்லி அண்ணா சொன்ன லிஃப்ட் செக்கை முதல்ல முடி, அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா என்.ஏ. ஓட்டு கடற்கரையில உக்காந்துட்டுப் போடற ஓட்டு. கார்த்தி இருக்கறது மேல.

ஓ.ஆர். டாம்போ ஏர்போர்ட் கடல் மட்டத்துலேர்ந்து 1,694 மீட்டர், கெம்ப்டன் பார்க் அதை ஒட்டித்தான் இருக்கு. டர்பன்ல காத்தழுத்தம் சுமார் 1.01 பார், உன் வீட்டு வாசல்ல சுமார் 0.83. என்.ஏ. இஞ்சின் வெளிய இருக்கற காத்தைத்தான் இழுக்க முடியும், அதனால ஆறுல ஒரு பங்கு காத்து வாசல்லயே போச்சு. 141-ஐ 0.83-ஆல பெருக்கு, 117. இங்க குளிர்ச்சி கொஞ்சம் கைகொடுக்கும், ஒண்ணு ரெண்டு திரும்பி வரும், அவ்ளோதான். ஆக 24 கிலோவாட்டை நீ டர்பன்லேர்ந்து ஏறி வர்ற வான் ரீனன் மலையிலயே விட்டுட்டு வந்திருக்க.

இப்ப அந்த என்.ஏ. பேக்கேஜ் என்ன குடுக்கும்னு பாரு. இது சோம்பேறி இஞ்சின் இல்ல, லிட்டருக்கு 78 கிலோவாட், கம்ப்ரஷன் 11.5, போர்ட்டு கேமு எல்லாம் யமஹாக்காரன் ஃபாக்டரிலயே செஞ்சு முடிச்சுட்டான். பழைய சிட்டி கோல்ஃப் 8 வால்வு இஞ்சினை எடுத்துக்கிட்டா கேம் மாத்தி பிரான்ச் போட்டா மூஞ்சியே மாறும், ஏன்னா அதுல ஃபாக்டரி விட்டு வெச்சது நிறைய. 2-இசட்இசட்ல விட்டு வெச்சதே கொஞ்சம். நல்ல கையில போனா 10, 15 கிலோவாட் கிடைச்சா பெருசு, அதையும் இங்க 0.83-ஆல பெருக்கணும். அவ்ளோ காசு செலவு பண்ணியும் டர்பன்ல ஸ்டாண்டர்டா இருந்த வண்டியை நீ எட்டிப் பிடிக்க மாட்ட.

டர்போ வேற கணக்கு. இங்க 0.2 பார் பூஸ்ட், அதாவது வெளிக்காத்துக்கு மேல கூடுதல் அழுத்தம், குடுத்தாலே மேனிஃபோல்டுல 1.03, அதாவது டர்பன் காத்து வீட்டுக்கே வந்தாச்சு. 0.5 குடுத்தா 1.33. அதனாலதான் இந்த ரீஃப் (ஜோபர்க் வட்டாரம்) பக்கம் எங்க பாத்தாலும் டர்போவா இருக்கு.

ஒரு உதாரணம் சொல்றேன், 2015-ல வந்த பொலோ ஜிடிஐ 1.8 டிஎஸ்ஐ. அதுவும் 141 கிலோவாட்தான், பேப்பர்ல உன் வண்டியும் அதுவும் ஒண்ணு. டர்க் (முறுக்கு விசை) மட்டும் உனக்கு 180 நியூட்டன் மீட்டர், அதுவும் 6,800-ல, மேனுவல் ஜிடிஐக்கு 320. டர்பன் ரோபோட்ல (அதாவது டிராஃபிக் சிக்னல்ல) ரெண்டும் பக்கத்துல நின்னா நீ ஏதோ சமாளிப்ப. ஜோபர்க் ரோபோட்ல நீ 117, அவன் கிட்டத்தட்ட முழு 141, ஏன்னா அவனோட ஈசியூ டர்போவை இன்னும் கொஞ்சம் சுத்த விட்டு காத்து நஷ்டத்தை ஈடு கட்டிக்குது.

கெம்ப்டன்_கார்த்தி

அண்ணா ரெண்டு பேருக்கும் நன்றி. லிஃப்ட்... உண்மையச் சொல்லணும்னா 6,000 தாண்டினா சத்தம் ஏறுது ஆனா தள்ளுன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல, ஹைட் பிரச்சனைன்னு நெனச்சு விட்டுட்டேன். இந்த சனிக்கிழமை டாப்பெட் கவர் கழட்டிப் பாக்கறேன்.

ரமணி அண்ணா, ஒரு சந்தேகம். லோட்டஸ்காரன் இதே இஞ்சின்ல சூப்பர்சார்ஜர் போட்டான்ல? அது எப்படி? டர்போ மாதிரி சூடு இல்ல, லேக் (பூஸ்ட் வர்ற தாமதம்) இல்லன்னு ஒரு வீடியோல சொன்னாங்க.

பிரிட்டோரியா_ரமணி

ஆமா, எக்ஸீஜ் எஸ், இன்டர்கூலரோட 163 கிலோவாட். இந்த இஞ்சின் மிதமான பூஸ்ட்டைத் தாங்கும்னு நம்பறதுக்கு அது நல்ல சாட்சி, ஃபாக்டரி வாரண்டியோட வித்த வண்டி.

ஆனா உனக்கு அதுல ஒரு சிக்கல். அந்த வகை சூப்பர்சார்ஜர் பெல்ட்டுல ஓடுது, புல்லி சைஸ் என்னவோ அதான் கணக்கு, வெளிக்காத்தை ஒரே விகிதத்துல பெருக்கிக் குடுக்கும். கீழ 1.01-ஐ 1.5-ஆல பெருக்கினா 1.5, இங்க 0.83-ஐ அதே 1.5-ஆல பெருக்கினா 1.25. அதாவது நஷ்டம் அப்படியே கூட வரும். டர்போன்னா வேஸ்ட்கேட்டை (எக்ஸாஸ்டை டர்போவுக்குள்ள போகாம திருப்பி விடற வால்வு) இன்னும் மூடி வெச்சு எக்ஸ்ட்ராவா சுத்த வைக்கலாம்.

இலவசம் கிடையாது அதுவும். 1.5 பார் வேணும்னா டர்பன்ல காத்தை 1.5 மடங்கு அமுக்கினாப் போதும், இங்க 1.8 மடங்கு அமுக்கணும். கம்ப்ரஸர் எஃபிஷியன்சி 70 சதவீதம்னு வெச்சுக் கணக்குப் போட்டா, கீழ காத்து சுமார் 50 டிகிரி சூடாகும், மேல கிட்டத்தட்ட 80 டிகிரி. அதான் இன்டர்கூலர்ல கஞ்சத்தனம் பண்ணாதேங்கிறது. சின்ன டர்போவை இங்க ரொம்ப விரட்டினா வெறும் சூட்டுக் காத்துதான் வரும்.

சிட்டிகோல்ஃப்_செல்வா

நான் லடியம்லேர்ந்து. நம்மகிட்ட சிட்டி கோல்ஃப், அதுல கோல்ஃப் 4-ஓட 1.8டி 20 வால்வு இஞ்சினை இறக்கி வெச்சிருக்கேன், அதனால டர்போ பக்கம்தான் பேசுவேன்னு எல்லாரும் நெனப்பீங்க. பேசுவேன், ஆனா கார்த்திக்கு இல்ல.

ஏன்னா 1.8டி பிறக்கும்போதே டர்போவா பிறந்தது. கம்ப்ரஷன் 9.5 கிட்ட, பிஸ்டனுக்கு அடியில ஆயில் ஜெட் அடிக்குது, மேனிஃபோல்டு, ஆயில் லைன், வாட்டர் லைன் எல்லாம் ஃபாக்டரி சாமான், உடைஞ்சா ஸ்கிராப்யார்டுல போய் இன்னொண்ணு வாங்கலாம். நீ பண்ணப் போறது என்.ஏ.வா பிறந்ததுக்கு டர்போ மாட்டுறது, ஒவ்வொரு துண்டும் எவனோ வெல்டிங் பண்ணித் தரணும். கொட்டேஷன்ல என்ன எழுதலைன்னு பாரு. இன்ஜெக்டர் பெருசா வேணும், ஃபியூயல் பம்ப் வேணும், கிளட்ச் கண்டிப்பா வேணும், காத்து-பெட்ரோல் கலவையை அளக்கற வைட்பேண்ட் சென்சார் இல்லாம டியூன் பண்றேன்னு சொல்றவன்கிட்ட வண்டியை விடாதே, ஆயில் கேட்ச் கேன், சம்ப்புல ஓட்டை போட்டு ரிட்டர்ன் லைனுக்கு வெல்டிங், அந்த ரிட்டர்ன் லைன் நேரா கீழ இறங்கணும், எங்கயாவது வளைஞ்சு மேல ஏறுச்சுன்னா ஆயில் வடியாது, டர்போ சீல் வழியா புகையா வரும், வொர்க்ஷாப்காரன் டர்போ கெட்டுப் போச்சுன்னு சொல்லி இன்னொரு டர்போ விப்பான். இதெல்லாம் சேர்த்தா அவர் சொன்ன தொகை பாதிதான்.

இன்னும் ஒண்ணு இருக்கு, அதை யாரும் பேசலை. உன் இஞ்சினோட அழகே 6,200-லேர்ந்து 7,800 வரைக்கும்தான். டி25 மாதிரி சின்ன டர்போ போட்டா நடுவுல நல்லா தள்ளும், மேல போகப் போக மூச்சு முட்டும், லிஃப்ட் வர்ற எடத்துல டர்போ கையைத் தூக்கிடும். மேலயும் மூச்சு விடற மாதிரி பெரிய டர்போ போட்டா கீழ லேக், ரோபோட்லேர்ந்து ரோபோட் போற ஆபீஸ் ஓட்டத்துல அது எப்ப பூஸ்ட் ஆகறது. அந்தப் பெரிய கேமோட ஓவர்லேப்பும் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு ரெண்டும் சேர்ந்து திறந்திருக்கற நேரம்) டர்போவோட எக்ஸாஸ்ட் அழுத்தமும் ஒத்துப் போகாது, எரிஞ்ச வாயு திரும்பி சிலிண்டருக்குள்ள வரும்.

பிஸ்டன் போச்சுன்னா ரீபோர் பண்ணிக்கலாம்னும் நெனைக்காதே. இந்த பிளாக்குல சிலிண்டர் சுவரு அலுமினியத்துல ஃபைபர் கலந்த சாமான், சாதா பிளாக் மாதிரி போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட முடியாது, ஸ்லீவ் போடணும், அது வேற செலவு.

நீ சொல்லாதேன்னு சொன்னதைத்தான் சொல்றேன்: டர்போ வேணும்னா டர்போவா பிறந்த வண்டி வாங்கு.

ஃபீனிக்ஸ்_மூட்லி

செல்வா வாயில சர்க்கரை. டர்போ வெச்சிருக்கறவனே சொல்றான் கேட்டுக்கோ.

ரமணி, உன் கணக்கு சரி, நான் மறுக்கல. ஆனா பவரை மட்டும் எண்ணிட்டு இருக்க. வேகம்னா சக்கரத்துக்குப் போற டர்க்தானே, கியரிங்கை விட்டுட்டியே. ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸோட கடைசிப் பல்சக்கர விகிதம்) கொஞ்சம் குட்டையா மாத்தினா உங்க உயரத்துல இழந்த இழுப்புல கொஞ்சம் எல்லா கியர்லயும் திரும்பி வரும், ஹைவேல 120-ல இஞ்சின் கொஞ்சம் அதிகமா கத்தும் அவ்ளோதான், ஆர்எஸ்ஐ வாங்கினவன் கத்தலுக்குப் பயப்படலாமா. அப்புறம் லிஃப்ட் பாயிண்ட். பிரான்ச்சும் இன்டேக்கும் மாத்தின வண்டில ஈசியூ வழியா லிஃப்ட்டை 6,200-லேர்ந்து கொஞ்சம் கீழ கொண்டு வரலாம், கியர் மாத்தும்போது ஆர்பிஎம் லிஃப்ட்டுக்குக் கீழ விழாம நிக்கும், டைனோ (பவர் அளக்கற மெஷின்) ஷீட்ல உச்ச நம்பர் பெருசா மாறாது ஆனா ரோட்ல வேற வண்டி. தனி ஈசியூவுக்கு வெளிநாடு தேட வேணாம், கோடெக், ஸ்பிட்ரானிக்ஸ், டிக்டேட்டர் எல்லாம் நம்ம நாட்டு சாமான்தான், மூணுக்கும் டியூனர் கிடைப்பாங்க.

ஹெட் ஸ்கிம் மட்டும் வேணாம்ப்பா. 11.5-ஐ இன்னும் ஏத்தினா மேல ஒண்ணும் தெரியாது, மாமனார் வீட்டுக்கு வந்து டிசம்பர் வெயில்ல இங்க ஒரு டிராஃபிக்ல நின்னுட்டு மிதிச்சா இஞ்சின் டிக்டிக்னு அடிக்கும்.

ஆங், மறந்துட்டேன், ரெட்லைனை ஏத்தித் தரேன்னு எவனாவது சொன்னா ஓடி வந்துடு. இந்த இஞ்சின்ல ஆயில் பம்ப் கியர் ஓவர்ரெவ் தாங்காது, நாலுலேர்ந்து மூணுக்குப் பதிலா தப்பா ஒண்ணுல போட்டு விட்டவன் இஞ்சினெல்லாம் அப்படித்தான் போச்சு.

லெனேசியா_வாணி

நடுவுல வர்றேன், மன்னிச்சுக்கோங்க, மோட்டார் கிளெய்ம்ஸ்ல வேலை பாக்கறதால கை சும்மா இருக்க மாட்டேங்குது.

கார்த்தி, என்.ஏ.வோ டர்போவோ எது பண்ணாலும் இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு எழுத்துல சொல்லுங்க. பிரான்ச், ஈசியூ கூட மாடிஃபிகேஷன்தான். சொல்லாம விட்டு ஆக்சிடென்ட் ஆச்சுன்னா, அஸெஸர் பானெட்டைத் தூக்கின உடனே தெரியும், கிளெய்ம் நிக்காது. சில கம்பெனி டர்போ கன்வர்ஷன்னா எடுக்கவே மாட்டாங்க, அதை செஞ்சதுக்கு அப்புறம் தெரிஞ்சுக்கறதுல பிரயோஜனம் இல்ல, ஒரு ஃபோன் போட்டு முன்னாடியே கேட்டுடுங்க. டிராக் டே பெரும்பாலும் பாலிசிக்கு வெளியதான். செல்வா மாதிரி இஞ்சினையே மாத்தறதா இருந்தா போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி புது இஞ்சின் நம்பரை வண்டி ரெஜிஸ்ட்ரேஷன்ல ஏத்தணும், இல்லன்னா விக்கும்போது மாட்டிப்பீங்க. (செல்வா, ஏத்திட்டீங்கள்ல?)

சிட்டிகோல்ஃப்_செல்வா

ஏத்திட்டேன் அக்கா, ஏத்திட்டேன். அந்த கியூல நின்ன நேரத்துக்கு இன்னொரு இஞ்சினே கட்டியிருக்கலாம்.

கெம்ப்டன்_கார்த்தி

அப்டேட். சனிக்கிழமை நானும் ஒரு ஃப்ரெண்டும் டாப்பெட் கவரைக் கழட்டினோம். மூட்லி அண்ணா, உங்க வாய்க்கு ஒரு பன்னி சௌ (பிரெட்டுக்குள்ள குழம்பு) கடன். எக்ஸாஸ்ட் பக்க போல்ட் நடுவுல கழுத்து மாதிரி தேஞ்சு பள்ளம் விழுந்திருக்கு, நகத்தை வெச்சா உள்ள இறங்குது. இன்டேக் பக்கம் பரவால்ல. ஆயில் கண்ட்ரோல் வால்வு ஃபில்டர்ல கறுப்பா பசை மாதிரி இருந்துச்சு, க்ளீன் பண்ணியாச்சு. ரெண்டு போல்ட்டும் புதுசு போட்டு, ஆயில் மாத்தி, சூடாக்கிட்டு மிதிச்சேன். 6,200-ல அந்த சத்தம்! பக்கத்துல உக்காந்திருந்த மச்சான் சிரிக்கல.

ஆனாலும் டர்பன்ல இருந்த அந்த இழுப்பு இல்ல, அது ரமணி அண்ணா சொன்ன 24 கிலோவாட்னு புரியுது. மனசு இன்னும் டர்போ பக்கம் கொஞ்சம் சாயுது, பொய் சொல்ல மாட்டேன். 0.5 பார்ங்கறது இந்த உயரத்துல சேஃப்தானே? வொர்க்ஷாப்காரர் "மேல காத்து கம்மி தம்பி, இஞ்சினுக்கு வலியே தெரியாது"ன்னார்.

பிரிட்டோரியா_ரமணி

மேல வலி தெரியாது, சரி. நீ மாசா மாசம் கீழ போறியே, அதை அவர்கிட்ட சொன்னியா?

இதைக் கொஞ்சம் நிதானமா படி, டர்போ பேச்சுல இதான் உனக்கு முக்கியம். சாதா வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர்ல ஒரு ஸ்ப்ரிங் இருக்கு, ஒரு பக்கம் பூஸ்ட், இன்னொரு பக்கம் வெளிக்காத்து. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் "வெளிக்காத்தை விட 0.5 அதிகம்" மட்டும்தான். கெம்ப்டன் பார்க்ல அது 0.83 கூட 0.5, மொத்தம் 1.33. அங்கயே டைனோல ஏத்தி, ஃபியூயலும் இக்னிஷனும் 1.33 வரைக்கும் அழகா டியூன் பண்ணிக் குடுப்பாங்க. நீ சந்தோஷமா குடும்பத்தை ஏத்திக்கிட்டு என்3-ல இறங்குவ. வான் ரீனன்ல ஒண்ணும் ஆகாது, அதுவே கிட்டத்தட்ட உன் வீட்டு உயரம். மூயி ரிவர், ஹோவிக், டவுன் ஹில் இறங்க இறங்க வெளிக்காத்து ஏறிக்கிட்டே வரும். டர்பன் வந்ததும் 1.01 கூட 0.5, மொத்தம் 1.51. பூஸ்ட் கேஜ் அதே 0.5-தான் காட்டும், நீ ஒண்ணும் மாத்தல, ஆனா இஞ்சினுக்குள்ள காத்து 13, 14 சதவீதம் ஜாஸ்தி. டியூனர் 1.33-க்கு மேல இருக்கற கட்டங்களைத் தொட்டே இருக்க மாட்டார், சும்மா குத்துமதிப்பா நெரப்பியிருப்பார். 11.5 கம்ப்ரஷன், டர்பன் சூடு, ஈசியூ இதுவரை பாக்காத அழுத்தம், முன்னாடி பைன்டவுன் ஏத்தத்துல ஒரு டிரக், நீ ஓவர்டேக் பண்ண மிதிக்கற. நாக் (சிலிண்டருக்குள்ள பெட்ரோல் தானா தப்பா வெடிக்கறது) வந்துச்சுன்னா பிஸ்டன் ரிங் லேண்ட் உடையறதுக்கு ரொம்ப நேரம் எடுக்காது. ஜோபர்க்ல டியூன் பண்ணி கடலுக்கு இறங்கிப் போன டர்போ வண்டிங்க இப்படிப் போன கதை இந்த வட்டாரத்துல புதுசே இல்ல.

அதனால டர்போதான்னு முடிவு பண்ணா வொர்க்ஷாப்ல போய் இதைக் கேளு. பூஸ்ட் கண்ட்ரோல் ஈசியூ கையில இருக்கா, மொத்த அழுத்தத்தை, அதாவது மேப் சென்சார் காட்டற அப்சல்யூட் நம்பரை வெச்சு பூஸ்ட்டை நிறுத்துமா? ஸ்ப்ரிங் 0.3-க்குப் போட்டு, இங்க ஈசியூ அதை 0.5-க்கு ஏத்தட்டும், கீழ போனா ஸ்ப்ரிங் அளவுலயே நிக்கட்டும், அப்ப ரெண்டு எடத்துலயும் மொத்தம் 1.3 பக்கம்தான் வரும். 1.33-க்கு மேல போனா ஃபியூயலை வெட்டிடுமா? நாக் சென்சாரை அந்த ஈசியூ கேக்குதா? இதுக்கெல்லாம் தெளிவா பதில் வந்தா நல்ல ஆளு. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு வந்தா சாவியை வாங்கிட்டுக் கிளம்பு.

டைனோ விஷயமும் சொல்லிடறேன். இங்க ஷீட்ல வர்ற நம்பர் பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு கரெக்ஷன் பண்ணது. என்.ஏ.வுக்கு அது நியாயம், ஏன்னா கீழ போனா நிஜமாவே அவ்ளோ வரும். டர்போவுக்கும் அதே கரெக்ஷனைப் போட்டா நம்பர் ஊதிப் பெருசாகும், டர்போதான் ஏற்கெனவே பாதி நஷ்டத்தை ஈடு கட்டியாச்சே. அதனால கரெக்ஷன் இல்லாத ஷீட்டையும் கேட்டு வாங்கு. ஃபேஸ்புக்ல பாக்கற ரீஃப் டர்போ நம்பர்ல பாதி இந்த மாயம்தான்.

ஃபீனிக்ஸ்_மூட்லி

ரமணி இவ்ளோ எழுதினதுக்கு அப்புறமும் டர்போ வேணும்னா போடு தம்பி, நான் தடுக்கல. ஆனா என் பேச்சைக் கேட்டா இப்போதைக்கு கம்ப்ரஷன் டெஸ்ட் ஒண்ணு, நாலு சிலிண்டரும் சமமா இருக்கான்னு பாரு, அப்புறம் நல்ல பிளக், நல்ல பிரான்ச், லிஃப்ட் பாயிண்ட் டியூன், முடிஞ்சா ஃபைனல் டிரைவ். கேமும் ஹெட்டும் தொடாதே. டர்போ கொட்டேஷன்ல பாதிக்குக் கீழ முடியும். ஸ்வார்ட்காப்ஸ் பிரிட்டோரியாவுல இருக்கறதால உன் வீட்டை விட உயரம் கம்மி, அங்க வண்டி இன்னும் கொஞ்சம் நல்லா மூச்சு விடும், வளைவுல உன் ஆர்எஸ்ஐயை அவ்ளோ சுலபமா எந்த ஜிடிஐயும் விட்டுட்டுப் போகாது.

சிட்டிகோல்ஃப்_செல்வா

நேர் ரோட்ல விட்டுட்டுப் போகும் 😄 ஆனா மூட்லி அண்ணா லிஸ்ட் சரி, அதோட நிறுத்திக்கோ. மிச்சக் காசுல டயரும் பிரேக் பேடும்.

கெம்ப்டன்_கார்த்தி

சரி, டர்போவை இப்போதைக்கு ஓரங்கட்டிட்டேன். மூட்லி அண்ணா லிஸ்ட்தான், பிரான்ச்சுக்குச் சொல்லியாச்சு, வாணி அக்கா சொன்ன மாதிரி இன்ஷூரன்ஸுக்கு மெயிலும் போட்டுட்டேன். கடைசியா ஒண்ணு, இங்க பம்ப்ல 93 ஆக்டேன் பெட்ரோல் இருக்கு 95 இருக்கு, நான் இத்தனை நாளா விலை கம்மின்னு 93-தான் அடிக்கிறேன். மாத்தணுமா?

பிரிட்டோரியா_ரமணி

மேல காத்து கம்மியா இருக்கறதால சிலிண்டருக்குள்ள அழுத்தமும் கம்மி, அதான் இன்லேண்ட்ல சாதா என்.ஏ. வண்டிக்கு 93 போதும்ங்கறாங்க. உன்னோடது 11.5, லிஃப்ட்டும் இப்ப வேலை செய்யுது, டைமிங்கைக் கொஞ்சம் ஏத்தி டியூன் பண்ணவும் போற, 95-க்கே மாறிடு. டியூன் பண்ற அன்னைக்கு டேங்க்ல என்ன இருக்கோ அதையேதான் அப்புறமும் அடிக்கணும். டியூனுக்கு முன்னாடி செலவைப் பாத்து 93 அடிச்சாலும் டர்பன் போற வாரம் வேணாம், ஹாரிஸ்மித் வர்றதுக்குள்ள பழைய 93 தீர்ந்து, அங்க 95 ரொப்பிட்டு மலை இறங்கு.